பாய் கம்ப்யூட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் கேஸ்கட் செய்யும் அந்தக் கம்பெனியில், ஷாகிதா பில் போட உட்கார்ந்தால் டெம்போ டிரைவர் பச்சையப்பன் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

"பாய் ஊட்டம்மா அட்டாச் அமுக்கிட்டாங்க. நான் ஒரு டீ அட்ச்சிட்டு, வண்டியத் தொட்ச்சிட்டு வந்துடறேன்" என்று மாடிப்படியில் நின்றே சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போதும் அவள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அவர் கேலியில் குத்தல் இருக்காது. சிரித்துவிட்டு, ஓரமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆனால் அதே வார்த்தையை ஆபீசில் மற்றவர்களும் சொல்லத் தொடங்கியபோது ஷாகிதாவுக்கு முகம் சுருங்கியது.

குழாய்களையும் பம்புகளையும் பொருத்தும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமலிருக்க வைக்கும் ரப்பர் வளையங்கள்தான் அங்கே தயாராகின்றன. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சோதனைச் சான்றிதழ் உண்டு. கீழே லேபில் ரப்பரை இழுத்துப் பார்த்து, சூட்டில் வைத்துப் பார்த்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் டிரைவில் போட்டுவிடுவார்கள். மாடியில் ஷாகிதா பில் போடும்போது அந்தச் சான்றிதழை எடுத்து பில்லோடு இணைக்க வேண்டும். இணைக்காத பில்லை சாஃப்ட்வேர் அச்சடிக்க விடாது. பில் இல்லாத வண்டியை வாட்ச்மேன் வெளியே விடமாட்டார்.

பில்லின் மூலையில் அட்டாச் செய்வதற்கென்று பேப்பர் கிளிப் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் டிரைவ்களைக் காட்டும் ஜன்னல் திறக்க வேண்டும். மற்றவர்களுக்கு அழுத்திய கையை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. ஷாகிதா அழுத்தினால் திரை வெளுத்துப்போகும். வட்டம் சுற்றும். மேலே, பதிலில்லை என்று ஒரு வார்த்தை வந்து நிற்கும். ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும் நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஜன்னல் திறந்துகொள்ளும்.

அந்த நேரத்தில் அவள் எதையும் தொடமாட்டாள். இரண்டு முறை அழுத்தினால் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டு, போட்ட பில்லும் போய்விடும். கையை மடியில் வைத்துக்கொண்டு வெளுத்த திரையைப் பார்த்தபடி இருப்பாள். அந்த நாற்காலியின் இடது கைப்பிடியில் ரெக்சின் தேய்ந்து பஞ்சு தெரியும். தேய்த்தது முஸ்தகீமின் முழங்கை.

முஸ்தகீம் அவள் கணவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கம்பெனியில், அந்த நாற்காலியில், இதே வேலையைச் செய்தவர். போன வருஷம் மழை தொடங்கும் சமயத்தில், வேலை முடிந்து எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லோடு இறக்கிவிட்டு அந்த வழியாக வந்த பச்சையப்பன்தான் டெம்போவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

மறுநாள் காலை ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது ஷாகிதா வாசற்படி வரைதான் வந்தாள். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அவரைச் சுமந்துபோன சந்தூக் பெட்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணன் தஸ்தகீர் திரும்பி வந்து, வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டே, "மண்ணு போட்டுட்டு வந்துட்டோம்மா" என்றான். அவன் நகக்கண்களில் செம்மண் ஒட்டியிருந்தது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. அவர் போனதில் அவளுக்குப் பார்க்கக் கிடைத்தது அந்த மண் மட்டும்தான்.

கணவன் இறந்தபின் மனைவி வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாக் காலம் முடிவதற்குள் முதலாளி ஒரு தடவை வந்தார். வெளி அறையில் உட்கார்ந்து தஸ்தகீரிடம் பேசினார். பாய் சீட்டை யாருக்கும் தரவில்லை, பாய் வீட்டம்மா பி.காம் படித்தவர் என்று கேள்விப்பட்டேன், இத்தா முடிந்ததும் வரச்சொல்லுங்கள் என்றார். திரைக்குப் பின்னாலிருந்து ஷாகிதா அதைக் கேட்டாள். மகள் அலீனா கல்லூரியில் சேர்ந்து முதல் வருஷம். யோசிக்க இடமிருக்கவில்லை. தஸ்தகீர்தான் தயங்கினான். அலீனா தன் மாமாவிடம், "அம்மா போகட்டும் மாமா" என்றாள். அத்தோடு அது முடிந்தது.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதில் உட்காருகிறவரை எல்லோரும் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரையே வைத்துவிடுவார்கள். நெட்வொர்க்கில் அந்தப் பெயர்தான் தெரியும். மேனேஜர் ராகவனுடையது சார். கணக்கு பார்க்கும் ஆக்னஸுடையது ஆக்னஸ். முஸ்தகீமுடையது பாய். அவர் இருந்தவரை சான்றிதழ்கள் எல்லாம் பாய் கம்ப்யூட்டரில்தான் சேரும். ஆகவே எல்லாருடைய திரையிலும் பாய் என்று ஒரு டிரைவ் இருந்தது. அவர் போனபின் சான்றிதழ்களை ஒரு பொது இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து ஸ்டோர் ரூமில் வைத்தார்கள்.

ஷாகிதாவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அவள் சேர்ந்த அன்று சர்வீஸ்காரர் ஒருவர் வந்து, ஆக்னஸின் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் பார்த்து அதேபோல் அமைத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய், பாய் என்ற டிரைவை நீக்கிக்கொண்டே வந்தார். ஷாகிதாவின் திரையிலும் அது இருந்தது. பெயரின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"அந்த மெஷின் இப்ப ஓடறதில்ல மேடம். எடுத்துடறேன்."

"அது இருக்கட்டுங்க" என்றாள் ஷாகிதா.

அவர் அவளைப் பார்த்தார். யாரென்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெயரை ஏன் வைத்துக்கொண்டாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் அவரை யாரும் பாய் என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவர் அலீனா அத்தா. வீட்டுக்கு வருவார், கை கால் கழுவித் தொழுவார், சாப்பிடுவார், டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதற்கு முன்னாலேயே தூங்கிப்போவார். கோபப்பட்டதில்லை. அதிகம் பேசியதுமில்லை. களைப்பான, நல்ல மனிதர்.

இங்கே வந்தபின்தான் பாய் என்கிற ஒருவரைப் பற்றி அவள் கேள்விப்பட்டாள். அவர் ராகவன் சார் போனில் பேசுவது போலவே பேசிக்காட்டுவாராம். சார் கதவைத் திறந்து வந்துவிட்ட பிறகும் அதே குரலில், "சொல்லுங்க சார்" என்பாராம். ரமலான் மாதத்தில் ஆக்னஸ் அவர் முன்னால் சாப்பிடத் தயங்கினால், "உனக்கும் சேர்த்து நான்தான் நோன்பு வெச்சிருக்கேனே, நீ தின்னு" என்று டிபன் பாக்ஸைத் திறந்து வைப்பாராம். பச்சையப்பனின் டெம்போவுக்குத் தனியாக ஒரு சான்றிதழ் அடித்து, இழுத்தால் நீளும், சூட்டில் புகையும் என்று எழுதி, ராகவன் சார் கையெழுத்துக்கே அனுப்பிவிட்டாராம். சாரும் பார்க்காமல் போட்டுவிட்டார். பச்சையப்பன் அதை இன்னமும் வண்டியில் வைத்திருந்தார்.

ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அவளும் சிரிப்பாள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது நெஞ்சில் வேறு மாதிரி வந்து நிற்கும். இத்தனை சிரிப்பையும் அவர் எங்கே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்? அதில் கொஞ்சம் எனக்குக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? செத்துப்போனவர் மேல் இப்படியொரு கோபம் வருகிறதே என்று அவளுக்கே கூச்சமாக இருக்கும். பூந்தமல்லி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையின் மூலையில் ஒரு செய்தி எழும்பும். எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் இணைக்க முடியவில்லை என்று. அதை மூடிவிடுவாள். பிறகு டிரைவ்களின் வரிசையில் அந்தச் சிவப்புக் குறியையும், அதன் கீழே பாய் என்ற பெயரையும் ஒரு தடவை பார்ப்பாள். திறக்க முயன்றதில்லை. அவள் அறியாத அந்த மனிதர் அங்கே உள்ளே இருக்கிறார். அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அட்டாச் நிற்கத் தொடங்கிவிட்டது. புதிதாக வந்தவள், பழகினால் சரியாகும் என்றார்கள். பழகினாள். சரியாகவில்லை. போனில் சொன்னால் சர்வீஸ்காரர்கள் சில தடவை தங்கள் இடத்திலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்ப்பார்கள், சில தடவை நேரில் வருவார்கள். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். கேபிளை மாற்றினார்கள். ஒருவர் மெமரி போதவில்லை என்று கூட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் ஷாகிதா ஒன்று செய்தாள். அவர்கள் பார்க்கத் தொடங்குவதற்கு முன், தன் லாகினை மூடிவிட்டு எழுந்துகொள்வாள். என்னுடையதில் வேலை பாதியில் இருக்கிறது, உங்கள் லாகினில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பாள். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அந்தப் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அவர்கள் தங்களுக்கென்று இருக்கும் லாகினில் நுழைந்து பேப்பர் கிளிப்பை அழுத்துவார்கள். ஜன்னல் சட்டென்று திறக்கும். "நல்லாத்தானே மேடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் ராகவன், ஆக்னஸைக் கூப்பிட்டு ஷாகிதாவின் இடத்தில் உட்காரச் சொன்னார். ஆக்னஸ் தன் பெயரில் லாகின் செய்து அழுத்தினாள். திறந்தது. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். திறந்தது. ராகவன் ஷாகிதாவைப் பார்த்தார். ஆக்னஸ் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவசர லோடு வந்தால் ஆக்னஸே தன் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்துவிடுவாள். அவள் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவள். ரயிலை விட்டாலும் பரவாயில்லை என்று இருந்து செய்துகொடுப்பாள். அந்த நல்லெண்ணத்தாலேயே ஷாகிதாவுக்கு வேலை தெரியாது என்பது ஆபீசில் உறுதியாகிப் போயிற்று.

ஆடி மாதக் கடைசியில் ஒரகடத்துக் கம்பெனி ஒன்று, லோடு நேரத்துக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்பியது. மறுநாள் ராகவன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். மேசையில் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார்.

"பாயோட குடும்பம்னுதான் இத்தனை நாளும் பார்த்தேன். மேல என்னையும் கேள்வி கேக்க ஆள் இருக்காங்க. இந்த மாசம் முடியட்டும். சரியாகலேன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா. இங்க வேற ஆளப் போட்டுக்கறேன்."

பேக்கிங் ஷெட் காண்ட்ராக்டரின் கையில் இருந்தது. நாள் முழுக்க நிற்க வேண்டும், ரப்பர் ஒட்டாமலிருக்கத் தூவும் மாவு மூக்கிலும் கண்ணிலும் ஏறும், இன்றைக்கு வா என்றால் வர வேண்டும், வேண்டாம் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். அலீனாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருந்தது. ஷாகிதா சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தபோது அவள் முழங்கை அந்தப் பஞ்சு தெரியும் இடத்தில்தான் போய்ப் பதிந்தது.

மாதம் முடிய இருந்த வாரத்தில் சர்வீஸ் கம்பெனியிலிருந்து நிர்மல் என்கிற பையன் வந்தான். பையன் என்றால் சின்னவன் இல்லை, கல்யாணமாகி வெள்ளானூரில் புது அடுக்குமாடியில் குடியிருப்பவன். ஊர் விருதுநகர்ப் பக்கம். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டு, இதுவரை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டான். குறுக்கே பேசாமல் கேட்டான். ஆக்னஸ் உட்கார்ந்தபோது சரியாக வந்ததைச் சொன்னபோது மட்டும் தலையை நிமிர்த்தினான்.

"அவங்க லாகின்ல, இதே மெஷின்லயா?"

"ஆமா."

"அப்ப உங்க லாகின்ல போடுங்கக்கா. நான் பார்க்கணும்."

ஷாகிதா வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தாள். வேலை பாதியில் இருக்கிறது. வார்த்தை வந்துவிட்டது, உதட்டில் நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ராகவன் போனில் இருந்தார். கீழே ஒரகடம் லோடு ஏற்றி முடித்து, பச்சையப்பன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுத் தன் பெயரை அடித்தாள்.

மூலையில் செய்தி எழும்பியது. மூடப் போனவளின் கையை நிர்மல் தடுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டான். "அட்டாச் அமுக்குங்க" என்றான். அமுக்கினாள். திரை வெளுத்தது. வட்டம் சுற்றியது. அவனும் அவளைப் போலவே கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் அவளோடு யாரும் இதுவரை உட்கார்ந்ததில்லை.

ஜன்னல் திறந்ததும் டிரைவ்களின் வரிசையைக் கீழே வரை பார்த்தான். சிவப்புக் குறியில் விரல் வைத்தான்.

"பாய்னு ஒண்ணு இருக்கே. யாருக்கா இது?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் ஷாகிதா.

அவனுக்குப் புரியவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஆக்னஸ்தான் தணிந்த குரலில் சொன்னாள். நிர்மல் விரலைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டான். பிறகு மெதுவாக விளக்கினான். நீங்கள் அட்டாச் அழுத்தும்போது இது உங்களுக்குத் தெரிந்த எல்லா டிரைவ்களையும் போய்ப் பார்த்துவிட்டு வரும். மற்றதெல்லாம் உடனே பதில் சொல்லிவிடும். உங்கள் லாகினில் மட்டும் இருக்கும் இந்த ஒன்றிலிருந்து பதில் வராது. வரும் வரும் என்று நின்று பார்க்கும். இனி வராது என்று தெரிந்தபிறகுதான் திரும்பும். அடுத்த தடவை அழுத்தினால் மறுபடியும் போகும்.

ஷாகிதா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு கேட்டது, தலை குனிந்தது, லோடு திரும்பி வந்தது, எல்லாவற்றுக்கும் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததுதான் காரணம். வேறு யாரும் எதுவும் செய்யவில்லை.

"நான்தான் எடுக்க வேணாம்னு சொன்னேன்" என்றாள் கடைசியில்.

"தெரியாதுல்லக்கா. நெட்வொர்க்ல பிரச்சினைன்னு சார்ட்ட சொல்லிடுதேன். அது பொய்யுமில்ல."

அவன் உடனே அதை நீக்கிவிடவில்லை. அந்த மெஷின் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். அது ஓடினால் அட்டாச்சும் ஓட வேண்டும், அப்போதுதான் காரணம் இதுதான் என்று உறுதியாகத் தெரியும் என்றான். ஆக்னஸ் சாவியை வாங்கி வந்தாள். ஸ்டோர் ரூமில், உடைந்த மின்விசிறிக்கும் பழைய ஃபைல் கட்டுகளுக்கும் நடுவில் அது துணி போர்த்தி இருந்தது. நிர்மல் அதைத் தூக்கிவந்து சுவரோரம் தரையிலேயே வைத்து வயர்களைச் செருகினான். பட்டனை அழுத்தியதும் உள்ளே எதுவோ கரகரவென்று உரசியது. விசிறி சுற்றத் திணறி, பிறகு சுற்றியது. தூசி வாசனை அறை முழுக்கப் பரவியது.

ஷாகிதா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புக் குறி மறைந்தது. மற்ற டிரைவ்களைப் போல, சாதாரணமாக, பாய் என்ற பெயர் நின்றது.

"இப்ப அமுக்குங்க" என்றான்.

அமுக்கினாள். ஜன்னல் சட்டென்று திறந்தது. ஆக்னஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

அவளுக்கு அது போதவில்லை. கேட்காமலேயே அந்தப் பெயரின் மேல் அழுத்தினாள். உள்ளே, சான்றிதழ்களைத் தேடி வந்த மற்றவர்கள் எட்டிப் பார்த்திராத ஓரத்தில், அவருடைய சொந்த ஃபோல்டர்கள். தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துப் பெயர் வைத்திருந்தார். முதலாவது, அவசரம். அடுத்தது, நெசமாவே அவசரம். அதற்கும் அடுத்தது, ராகவன் சார் அவசரம் நாளைக்குப் பார்க்கலாம். ஓரமாக ஒன்று, ஆக்னஸ் தொடாதே.

"நாசமாப் போற மனுஷன்" என்று சொன்ன ஆக்னஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "சார் பார்த்திருந்தா என்னாயிருக்கும்."

ஷாகிதாவும் சிரித்தாள். இது யாரும் சொல்லிக் கேட்டதல்ல, யாருக்காகவும் சிரித்ததல்ல. அவர் செய்த கேலிக்கு, அவர் முன்னால் உட்கார்ந்து சிரிப்பது போல இருந்தது.

கடைசியில் வீடு என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதையும் திறந்தாள். உள்ளே ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதார், வாடகை ஒப்பந்தம், அலீனாவின் ஒவ்வொரு வருஷ மதிப்பெண் பட்டியல், ஷாகிதாவின் பி.காம் சான்றிதழ். எல்லாம் நேராக ஸ்கேன் செய்யப்பட்டு, சரியான பெயரோடு, வரிசையாக. கேலி ஒன்றுமில்லை. தேதி தவறவில்லை. தன் சான்றிதழை அவர் எப்போது எடுத்து வந்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. அதன் பெயரில், முக்கியம் என்று மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை.

அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பச்சையப்பன் ஹாரன் அடித்தார்.

நிர்மல் கேட்டான். இதையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுத் தரட்டுமா?

"காகிதமெல்லாம் வீட்ல இருக்குப்பா."

"அந்த ஃபோல்டரு பேரெல்லாம்?"

யோசித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். "இந்த மெஷினை இப்படியே ஓடவிட்டா?"

நிர்மல் தரையில் இருந்ததை ஒரு தடவை பார்த்தான். அந்த உரசல் சத்தம் நிற்கவில்லை. "ஹார்ட் டிஸ்க் போற சத்தம்க்கா அது. இன்னிக்கு நிக்குமோ, நாளைக்கு நிக்குமோ. நின்னா உங்களுக்குப் பழையபடி ஆயிரும்." தயங்கிவிட்டுச் சொன்னான்: "நீங்க எந்திரிங்க. நான் எடுத்துடறேன். பார்க்க வேண்டாம்."

"இல்ல. எப்படின்னு சொல்லு. நான் பண்றேன்."

அவன் சொன்னான். பெயரின் மேல் வலது பக்கம் அழுத்த வேண்டும், வரும் வரிசையில் துண்டிப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தினாள். ஃபோல்டர் திறந்திருக்கிறது, இருந்தாலும் துண்டிக்கவா என்று கேட்டது. ஷாகிதா உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். ஆக்னஸ் தன் கைகளைக் கோத்துக்கொண்டாள். சுவரோரம் கரகரத்துக்கொண்டிருந்ததன் சத்தத்தைக் கேட்டபடி அவள் ஆமாம் என்பதை அழுத்தினாள். வரிசையில் ஒரு பெயர் குறைந்தது. மற்றவை மேலே நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

நிர்மல் குனிந்து பாய் கம்ப்யூட்டரை அணைத்தான். விசிறி நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் எழுந்து வராந்தாக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். நகக்கண்களைப் பார்த்துப் பார்த்துக் கழுவினாள். அங்கே ஸ்டோர் ரூம் தூசி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பிறகு வந்து ஒரகடம் லோடுக்குப் பில் போட்டாள். ராகவன் அறையிலிருந்து வெளியே வந்து அவள் பின்னால் நின்று பார்த்தார். சான்றிதழ் ஏறியது, பில் அச்சாகி வந்தது. நிர்மல் நெட்வொர்க்கைப் பற்றி ஏதோ சொன்னான். ராகவன் தலையாட்டினார். அவளிடம், "இத்தனை நாளா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. தரையில் துணி போர்த்தாமல் கிடந்த கம்ப்யூட்டர் அவர் கண்ணில் பட்டது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். "சரி, பண்ணுங்கம்மா" என்று உள்ளே போய்விட்டார். பேக்கிங் ஷெட்டைப் பற்றி அவர் அதன்பின் பேசவே இல்லை.

பில்லை எடுத்துக்கொண்டு அவளே கீழே இறங்கிப் போனாள். பச்சையப்பன் டீக்கடைப் பக்கம் இரண்டடிதான் எடுத்து வைத்திருந்தார்.

"இன்னா அண்ணி, அத்துக்குள்ள வந்துட்டே? டீ இன்னும் சொல்லவே இல்ல நானு."

"சரியாயிடுச்சு."

"சுத்தலியா?"

"இல்ல."

அவர் பில்லை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏதாவது கேலி சொல்வார் என்று நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறி, வாட்ச்மேனுக்கு ஹாரன் அடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அலீனாவிடம், ராகவன் சார் அவசரம் நாளைக்குப் பார்க்கலாம் என்பதைச் சொன்னாள். அலீனா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அத்தாவா?" என்றாள். நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஷாகிதா சொன்னாள். இருவரும் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தபோது மூலையில் எந்தச் செய்தியும் எழும்பவில்லை. முதல் லோடு பாடிப் பகுதியிலிருக்கும் ஒரு கம்பெனிக்கு. எண்களை அடித்தாள், சரிபார்த்தாள், பேப்பர் கிளிப்பை அழுத்தினாள். அழுத்தியதும் வழக்கம்போலக் கை மவுஸை விட்டு மடிக்கு வந்துவிட்டது, முழங்கை பஞ்சு தெரியும் அந்த இடத்தில் சாய்ந்தது. வெளுக்கப்போகும் திரைக்காக அவள் கண் தயாராக நின்றது.

திரை வெளுக்கவில்லை. ஜன்னல் எப்போதோ திறந்து அவளுக்காகக் காத்திருந்தது.